உம், அம், வெள்ளம்

ஷில்லாங்கில் ஜூன் மாத மழை காலையில் தொடங்கினால் எப்போது விடும் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைதும்க்ராவில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், வீட்டுக்காரம்மாவின் பேத்தி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் வரிசை வேறு. ஏ, பி என்று போய் மூன்றாவதாகக் கே வந்தது. சி எழுத்தே இல்லை. அப்புறம் டி, இ, ஜி. ஜிக்கு அடுத்த கட்டத்தில் 'என்' எழுத்தும் 'ஜி' எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக நின்றன.

"இது என்ன?" என்று விரல் வைத்துக் கேட்டேன்.

"எங்" என்றாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ங" என்றாள்.

'நான்' என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். ங. அவ்வளவுதான்.

ஒரு நிமிடம் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. நம் எல்லோருக்கும் ஐந்து வயதிலேயே ங தெரியும். க, ங, ச என்று கத்தியிருக்கிறோம். ஆனால் ஒரு சொல்லின் முதலில் அதை வைத்துப் பேசியது உண்டா? ஔவையார் 'ஙப் போல் வளை' என்று ஆத்திசூடியில் அதற்கு ஓர் இடம் கொடுத்தார். அதை விட்டால் என் பள்ளிப் புத்தகத்தில் ங பக்கத்தில் சங்கும் சிங்கமும்தான் இருந்தன, எழுத்து நடுவில் ஒளிந்துகொண்டு. இங்கே ஒரு குழந்தை தன்னைத்தானே அந்த எழுத்தால் அழைத்துக்கொள்கிறது. ங பாம் ஜா: நான் சோறு சாப்பிடுகிறேன். ஙாம் திப்: எனக்குத் தெரியாது. முதல் ஆறு மாதம் நான் அதிகம் சொன்னது அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

சரி, முதலில் மொழியின் பெயர். காஸி என்று எழுதுகிறேன். பலர் 'காசி' என்று எழுதுகிறார்கள். படிப்பவர் மனம் கங்கைக் கரைக்குப் போய்விடுகிறது. இது மேகாலயாவின் காஸி மலைகளிலும் ஜெயின்டியா மலைகளிலும் பேசப்படும் ஆஸ்திரோ ஆசிய மொழி. சுற்றிலும் வேறு குடும்பங்கள். மேற்கே காரோ, வடக்கே அசாமியா, தெற்கே வங்காளம். காஸியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வெகு தூரத்தில் இருக்கிறார்கள். கைக்குக் காஸியில் 'க்தி', ஜார்க்கண்ட் பக்கத்துச் சந்தாலியில் 'தி', வியட்நாமில் 'தாய்'. பறவைக்குக் காஸியில் 'ஸிம்', வியட்நாமில் 'சிம்'. கண்ணுக்கு இங்கே 'க்மாத்', அங்கே 'மாத்'. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று வருகிறதே, அந்த நிக்கோபார் தீவுகளின் மொழிகளும் இதே குடும்பம்தான். வரைபடத்தில் இந்த ஊர்களை எல்லாம் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் எத்தனை பழைய நடமாட்டம் இது என்று தோன்றும்.

நான் குமரி மாவட்டக்காரி. தக்கலைக்குப் பக்கம். வேலை மாற்றலாகி இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஆங்கிலமும் அரைகுறை இந்தியும் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஓட்டவும் செய்யலாம். ஆனால் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "பி லா பாம் ஜா?" என்பது. சாப்பிட்டீர்களா? அதே கேள்வியைத்தான் எங்கள் ஊரில் வாசலில் நிற்கிறவர்களிடம் கேட்போம். அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் 'கொங்' என்பார்கள். மூத்த பெண்களுக்கு மரியாதையாக அதுதான். ஆண்களுக்கு 'பா'. நானும் கொங் என்றே அழைக்கிறேன். அவர் என்னைப் பெயர் சொல்லாமல் 'குன்' என்பார், பிள்ளை என்று பொருள்.

எனக்கு முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தது அந்தப் பேத்திதான். அதனால் ஒரு தப்பு நடந்தது. காஸியில் 'நீ' என்பது ஆணுக்கு 'மெ', பெண்ணுக்கு 'பா', மரியாதைக்கு 'பி'. (இந்தப் 'பா', 'பி' இரண்டிலும் ப-வை மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். மூத்த ஆண்களை அழைக்கும் 'பா' வேறு. அது மெலிந்த ப.) பேத்தி தன் தோழிகளிடம் பேசுவதைக் கேட்டு நான் 'பா'வைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் கொங்கிடம், அவர் தம்பி குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது, "பா லா பாம் ஜா?" என்று கேட்டுவிட்டேன். நீ சாப்பிட்டியாடி என்பது போல. அறை அமைதியாகிவிட்டது. கொங் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து என் கையில் ஒரு குவாய் வைத்து, "பி" என்று மட்டும் மெல்லச் சொன்னார். குவாய் என்றால் பாக்கு. சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு பச்சைப் பாக்கில் ஒரு கீற்று. நம் ஊர்க் கொட்டைப்பாக்கு போல் இல்லை. மென்றதும் காது வரை சூடேறும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். ஒருவர் இறந்துவிட்டால் 'கடவுள் வாசலில் குவாய் மென்றுகொண்டிருக்கிறார்' என்று சொல்வது இவர்கள் வழக்கம். அன்று எனக்கு அந்தச் சூட்டில் முகம் வேர்த்ததா, வெட்கத்திலா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு 'பி'யை நான் மறந்ததே இல்லை.

நோட்டில் நான் ஆசையாக எழுதிவைத்த இன்னொரு பக்கம் உண்டு. நெல்லுக்கு 'க்பா', அரிசிக்கு 'காவ்', சோற்றுக்கு 'ஜா'. அலுவலகத்தில் இந்திக்காரர்கள் அரிசிக்கும் சோற்றுக்கும் 'சாவல்' என்றே சொல்லிப் பழகியவர்கள். நெல், அரிசி, சோறு மூன்றையும் மூன்று பெயரால் அழைக்கிற ஒரு மொழியை இத்தனை தூரத்தில் பார்த்தபோது, வயல்காட்டில் வளர்ந்த எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதைவிட ஒன்று. காஸியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண் உண்டு. 'உ' வந்தால் ஆண், 'கா' வந்தால் பெண். சூரியன் பெண், கா ஸ்ங்ஙி. நிலா ஆண், உ ப்னாய். நெல்லும் அரிசியும் ஆண். அதையே வேகவைத்து இறக்கினால் பெண், கா ஜா. மொழிக்கும் 'கா'தான். கா க்தியென் காஸி.

இவ்வளவும் கற்றுக்கொண்டு நான் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். அப்போதுதான் ஓர் இரவு, படியில் இறங்கும்போது கொங் தன் அக்காவோடு போனில் பேசுவதைக் கேட்டேன். எனக்கு ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. தெரிந்த சொற்கள் நடுநடுவே வந்தன, ஆனால் வேறு இடத்தில், வேறு முகத்தோடு. மறுநாள், "கொங், நேற்று நீங்கள் பேசியது காஸி இல்லையா?" என்று கேட்டேன்.

"அது வீட்டுப் பேச்சு" என்றார். "ப்னார். ஜெயின்டியா மலையில் எங்கள் ஜோவாய் ஊர்ப் பேச்சு. நீ கற்றுக்கொள்வது நல்ல காஸி, அதையே கற்றுக்கொள்."

நல்ல காஸி. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரிலும் நல்ல தமிழ் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது எப்போதும் வேறு எங்கோ இருக்கும்.

எது நல்ல காஸி என்று முடிவானது எப்படி என்று தேடிப் படித்தேன். 1841 ஜூன் 22-ஆம் தேதி தாமஸ் ஜோன்ஸ் என்கிற வெல்ஷ் மிஷனரி தன் மனைவியோடு சோராவுக்கு வந்து சேர்ந்தார். நாம் சிரபுஞ்சி என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே ஊர். ஊர்க்காரர்கள் சோரா என்றுதான் சொல்வார்கள். ஜோன்ஸ் தச்சர் மகன். அவருக்கு முன்பே வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரி என்கிற மிஷனரியின் ஆட்கள் காஸியை வங்க எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. ஜோன்ஸ் ரோமன் எழுத்தை எடுத்தார், அதுவும் தன் தாய்மொழியான வெல்ஷ் வரிசையில். வெல்ஷில் சி எழுத்துக்கு எப்போதும் க ஒலிதான். அந்த இடத்தில் கே வைத்தார். வெல்ஷிலும் ஜிக்கு அடுத்து 'எங்' ஒரு தனி எழுத்து. அது அப்படியே இங்கே வந்தது. பேத்தியின் நோட்டில் நான் பார்த்து வியந்த வரிசை, வேல்ஸின் ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தது. ங என்கிற ஒலிக்குத் தன் மொழியிலேயே இடம் இருந்ததால் அவருக்குக் காதில் விழுந்திருக்கிறது. ஓர் ஆங்கிலேயர் வந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ என்று அடிக்கடி யோசிப்பேன்.

அடுத்த ஆண்டே முதல் பாடப்புத்தகம் வந்துவிட்டது. எந்தக் காஸியில்? அவர் குடியிருந்த சோராவின் காஸியில். அங்கே அவர் போனதற்குக் காரணமும் எளிது. அப்போது ஆங்கிலேயர் முகாம் சோராவில் இருந்தது. ஷில்லாங் அதற்குப் பிறகு எழுந்த ஊர். முகாம் அங்கே, மிஷன் அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, அப்புறம் பைபிள் அங்கே. வேறு பள்ளத்தாக்கில் அந்த முகாம் இருந்திருந்தால் இன்று கொங்கின் வீட்டுப் பேச்சு 'நல்ல காஸி' ஆகியிருக்கலாம். சோராக்காரர்கள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கலாம். ஜோன்ஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. காது கொடுத்துக் கேட்டு எழுதியவர் அவர். கிடைத்த காஸியை எழுதினார். அதை ஒரே காஸி ஆக்கியது பின்னால் வந்த தேர்வுகளும் மதிப்பெண்களும்.

கொங் பள்ளியில் படித்தபோது கட்டுரை நோட்டில் ப்னார்ச் சொல் வந்தால் சிவப்பு மையில் அடித்து விடுவார்களாம். எந்தச் சொல் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "யுங்" என்றார். வீடு. சோராவில் அது 'யிங்'. தன் வீட்டை வீடு என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு.

அந்த வாரமே ஜோவாய் போனேன். இயெவ்து சந்தைப் பக்கத்திலிருந்து ஷேர் சுமோவில் ஏறினால் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கொங்கும் கூட வந்தார். வழி நெடுக அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். ஷில்லாங்கின் பெரிய சந்தை இயெவ்து. காஸியில் 'இயெவ்' என்றால் சந்தை. ஜோவாயின் சந்தை இயாவ்முசியாங்; ப்னாரில் சந்தை 'இயாவ்'. இரண்டு பக்கமும் வாரத்துக்கு 8 நாள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சந்தை. முசியாங் என்பது அந்த நாளின் பெயர்தான். ஆங்கிலேயரை எதிர்த்த கியாங் நங்பாவை 1862 டிசம்பர் 30 அன்று தூக்கிலிட்டது அந்தச் சந்தைத் திடலில்தான் என்று கொங் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் மறுபடி சொற்கள். காஸியில் கடவுள் 'ப்லெய்', ப்னாரில் 'ப்லாய்'. காஸியில் நன்றிக்கும் வணக்கத்துக்கும் 'குப்லெய்', ப்னாரில் 'குப்லாய்'.

ஜோவாய் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டைத் திருப்பிக் கொங்கிடம் காட்டினேன். இந்தப் பக்கம் எகரம் வரும் இடத்தில் அந்தப் பக்கம் ஆகாரம் வருகிறது. இயெவ், இயாவ். ப்லெய், ப்லாய். ஒரு சொல்லில் என்றால் வாய் தவறியது என்று சொல்லலாம். சொல்லுக்குச் சொல் அதே இடத்தில் அதே மாற்றம் வந்தால் அது தவறு இல்லையே, ஒழுங்கு. நம் ஊரிலும் மழையை மளை என்பவர்கள் பழத்தையும் பளம் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றைச் சரியாகச் சொல்லி மற்றதில் தடுக்கி விழுவதில்லை. பேச்சு என்பது அப்படி ஒரு கட்டுக்குள்தான் இருக்கும். கொங் என் நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு சோடியாக மேலிருந்து கீழ் வந்தார். "இதை எனக்கு யாரும் சொன்னதில்லை" என்றார்.

ஒலி மட்டும் இல்லை, வாக்கியமே வேறு மாதிரி. காஸியில் 'கா வான்', அவள் வருகிறாள். ப்னாரில் வினை முன்னால் வந்துவிடும்: 'வான் கா'. வருகிறாள் அவள். படியில் நின்று கேட்ட அன்று எனக்கு ஒன்றும் பிடிபடாமல் போனதற்கு இதுவும் காரணம். ஹிராம் ரிங் என்கிற ஆய்வாளர் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் ப்னாருக்கு முழு இலக்கணமே எழுதியிருக்கிறார். பால் சிட்வெல் போன்ற மொழியியலாளர்கள் காஸி, ப்னார், வார், லிங்ஙம் நான்கையும் ஒரு சிறு குடும்பத்தின் நான்கு மொழிகளாகவே பார்க்கிறார்கள். இதைச் சொன்னபோது கொங், "அப்படியானால் நாங்கள் காஸி இல்லையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கலக்கம் இருந்தது. இங்கே எல்லோரும் ஹின்னியூத்ரெப், ஏழு குடில்களின் பிள்ளைகள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மொழி நான்கு என்பதால் மக்களும் நான்கு என்று ஆகிவிடாது என்று சொன்னேன். அதை இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பும் வழியில் நார்தியாங்கில் இறங்கினோம். ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு நிற்கும் கற்கள், காடு மாதிரி. காஸியில் கல்லுக்கு 'மாவ்'. மாவ்ஸின்ராம், மாவ்லின்னொங் என்று ஊர்ப் பெயர்களில் எல்லாம் அந்தக் கல்தான். 'நினைவில் வை' என்பதற்கு அவர்கள் சொல் 'கின்மாவ்'. அதற்குள்ளும் கல் இருக்கிறது. கல் நட்டு அடையாளம் வைப்பது. நடுகல் நட்ட நாட்டிலிருந்து வந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. கொங் ஒரு கல்லில் சாய்ந்து நின்று குவாய் மென்றார். மழைக்கு, வயலில் வேலை செய்யும் ஒரு பெண், தலை முதல் இடுப்பு வரை மூடும் மூங்கில் க்னுப்பைக் கவிழ்த்துக்கொண்டு போனாள்.

இந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காஸி என்ற தலைப்பின் கீழ் வருகிறவர்கள் 14 லட்சத்து 31 ஆயிரம் பேர். அந்த எண்ணுக்குள்ளேதான் ப்னார் பேசும் 3 லட்சத்து 19 ஆயிரம் பேரும், வார் பேசும் 51 ஆயிரம் பேரும், லிங்ஙம் பேசும் 11 ஆயிரம் பேரும் அடக்கம். (தமிழ் என்ற தலைப்பின் கீழும் கொரவா, கைகாடி, எருக்குலா என்று பெயர்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டிருக்கிறோம்?) மேகாலயாவில் 2005-இல் காஸியும் காரோவும் இணை அலுவல் மொழிகள் ஆயின. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லி 2018-இல் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள். சேர்க்கத்தான் வேண்டும்; எனக்கு அதில் சந்தேகமே இல்லை. 14 லட்சம் பேர் பேசும் மொழிக்குத் தில்லியில் ஒரு நாற்காலி இருக்கட்டும். அப்படிக் கிடைக்கும்போது ஜோவாயில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'யுங்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஏனென்றால் கொங்கின் பேத்திக்கு ப்னார் தெரியாது. பாட்டி போனில் பேசினால் புரியும், திருப்பிப் பேச வராது. இது தாய்வழிச் சமூகம். பிள்ளைகளுக்குக் குர், அதாவது குலம், அம்மா வழி. வீடு கடைசி மகளுக்கு. எல்லாம் அம்மாவிடமிருந்து வருகிறது. பேச்சு மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது.

கொங்கின் வீட்டில் சமையலுக்கு உதவியாக ஓர் அக்கா இருக்கிறார். அவர் அம்லாரெம் பக்கத்து வார் கிராமத்துக்காரர். வார் என்பது மலையின் தெற்குச் சரிவு. அங்கே நின்றால் கீழே வங்கதேசத்துச் சமவெளி தண்ணீரும் வானமுமாகத் தெரியும். வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு எல்லாம் விளைவது அந்தச் சரிவில்தான். ஆல்போல் வேர் விடும் மரத்தை ஆற்றுக்குக் குறுக்கே வளர்த்து வேர்ப்பாலம் செய்கிறவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அந்த அக்கா கொங்கிடம் காஸியில் பேசுவார். கொங்குக்கு வார் புரியாது. ஒரே அடுப்படியில் இரண்டு பேர், இரண்டு பேருமே தங்கள் வீட்டுப் பேச்சை வெளியே செருப்போடு விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அரைத்துத் தரும் துங்தாப், கருவாட்டுச் சட்னி, எனக்கு அம்மா கைச் சமையல் போல. அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டே நாங்கள் சிநேகமானோம்.

போன நவம்பரில் ஆரஞ்சுக் காலத்தில் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜோவாய் தாண்டி தவ்கி சாலையில் இறக்கம். வழியில் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஷில்லாங் பக்கம் ஆறும் ஏரியும் ஓடையும் 'உம்' என்று தொடங்கும். உமியாம், உம்ங்ஙொட். 'உம்' என்றால் தண்ணீர். உமியாம் என்றால் அழுத தண்ணீர், கண்ணீர். இறங்க இறங்க 'அம்' என்று தொடங்கும் பெயர்கள் வந்தன. அம்லாரெம், அம்கொய்.

வீட்டு முற்றத்தில் மூங்கிலைப் பிளந்து தாங்கு கொடுத்து, மேலேயிருந்து ஊற்று நீரைக் கொண்டுவந்திருந்தார்கள். நடந்த களைப்பில் நான் அதையே பார்த்தேன் போல. அக்காவின் அம்மா, எண்பது வயது இருக்கும், ஒரு குவளையைப் பிடித்து நிரப்பி நீட்டினார். "அம்" என்றார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டென்று, "உம், உம். தண்ணீர். அம்மாவுக்குச் சரியாகச் சொல்ல வராது" என்றார். அவர் முகத்தில் ஒரு கூச்சம் வந்து போனது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

முதல் வேலைக்குச் சென்னை போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த மறுநாள், பக்கத்து மேசையில் இருந்தவரிடம், "குடிக்க வெள்ளம் உண்டா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம்தான். குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம், மாட்டுக்கு வெள்ளம். அந்த அறை முழுக்கச் சிரித்தது. "வெள்ளம் வந்தா ஓடணும், குடிக்கக் கூடாது" என்று ஒருவர் சொன்னார். ஒரு வருடம் என் பெயரே வெள்ளம். மலையாளமா, தமிழா என்று கேட்டார்கள். நான் மாற்றிக்கொண்டேன். தண்ணி என்று பழகினேன். 'எனக்க வீடு' என்பதை 'என் வீடு' ஆக்கினேன். 'சாடு' என்பதைக் 'குதி' ஆக்கினேன். நான் மாறியதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. பொங்கலுக்கு வந்தவள் அடுக்களையில் தண்ணி கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செம்பை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "அம்" என்று சொன்னேன். பாட்டி தலையாட்டினார். குடித்தேன். மலைத்தண்ணீர், பல் கூசும் குளிர். இன்னொரு குவளை பிடித்தார். பிறகு அக்காவிடம் வார் மொழியில் எதையோ கேட்டார். அக்கா எனக்குச் சொன்னார்: "உன் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறாள்."

பதினைந்து வருடமாக நான் வெளியாள் யாரிடமும் சொல்லாத சொல். "வெள்ளம்" என்றேன்.

பாட்டி அதை வாயில் போட்டுப் பார்த்தார். ள் அவருக்கு வரவில்லை. நாக்கை மடக்கி இரண்டு தரம் முயன்றார். மூன்றாவது தரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. நாங்கள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். அக்கா வாரில் ஒரு சொல் சொல்வார். நான் காஸியில் சொல்வேன். பாட்டி எங்கள் ஊர்ச் சொல்லைக் கேட்பார். நோட்டில் அன்று மட்டும் நாலு பக்கம் நிறைந்தது. கொங்குக்கு என்று ப்னாருக்கு ஒரு வரிசை காலியாக விட்டு வைத்தேன். ஷில்லாங் வந்ததும் அவர் அதைப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நிரப்பினார்.

ராத்திரி அம்மா போன் செய்தாள். எப்போதும் கேட்பதுதான். குளிரா, சாப்பிட்டியா, காலில் சாக்ஸ் போட்டிருக்கியா.

"பிறகு அங்க வெள்ளமெல்லாம் எப்படி மக்களே?"

"கொள்ளாம்மா" என்றேன். "நல்ல வெள்ளம்."